வலி தெரியாதவர்கள் முதலில்

என் மனைவியோடு பிறந்தவர்கள் எல்லோரும் பெண்கள். மூத்தவள் என் பங்குக்கு வந்தாள். நடுவில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சொல்லாவிட்டாலும் கோபம், சொன்னாலும் கோபம். ஆகவே நேரே கடைசிப் பெண்ணிடம் வந்துவிடுகிறேன். அவளைக் கடைக்குட்டி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அவளுக்கே பேத்தி பிறந்து அந்தப் பேத்தியும் பள்ளிக்கூடம் போகிறது. இன்றைக்கும் அவள் கடைக்குட்டிதான். அவளைக் கட்டியவர் எனக்குச் சகலை. ஒரே மாமனாருக்கு முன்னால் கைகட்டி நின்ற இரண்டு பேருக்குள் உண்டாகிற உறவு அது. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கையில் மனத்தாங்கல் வரும், பங்காளிக்குள் வரப்புத் தகராறு வரும். சகலைகளுக்குள் சண்டை போட ஒன்றுமே கிடையாது. அதனால்தான் நாங்கள் இத்தனை வருஷம் ஒற்றுமையாக இருக்கிறோம்.

சகலை ஷூ தைப்பவர். கடையில் அடுக்கி வைத்து விற்கிற ஷூ எவர் காலுக்குச் சேராதோ அவர்தான் சகலையைத் தேடி வருவார். ஒரு கால் நீளம் ஒரு கால் குட்டை, விபத்தில் நசுங்கிய பாதம், விரல் எடுத்த பாதம், உள்பக்கம் வளைந்த பாதம், சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதம் எல்லாம் அவர் கடைக்குள் ஏறி வரும். முகத்தைப் பார்த்து ஆள் அடையாளம் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கல்யாண வீட்டில் யாராவது வந்து கைகொடுத்தால் முதலில் குனிந்து கீழே பார்ப்பார். அப்புறம்தான் நிமிர்ந்து, "அடடே, வாங்க வாங்க" என்பார்.

கடைக்குட்டிக்குப் பிறவியிலேயே வலது கால் இரண்டு விரற்கடை குட்டை. அவள் வளர்ந்த பெண்ணானதும் அவளுக்கென்று தனியாக ஷூ தைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் மூத்த மருமகன் என்பதால் கூட்டிக்கொண்டு போகும் வேலை என் தலையில் விழுந்தது. சகலை அப்போது ஒரு முதலாளியிடம் வேலை பார்த்த இளவட்டம். முதல் ஷூவைப் போட்டு நாலு அடி நடந்தவள், நின்ற இடத்திலேயே கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இது ஷூவா, எலிப்பொறியா?"

முதலாளி முகம் சுண்டிப்போயிற்று. இவர் மட்டும் சந்தோஷப்பட்டார். "இப்படி வாயைத் திறந்து சொல்றவங்க யாரு இருக்காங்க? எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு நொண்டிக்கிட்டே போறாங்க" என்றார். அப்புறம் என்ன, இடிக்கிறது, உரசுகிறது, வழுக்குகிறது என்று அவள் கடைக்கு நடக்க, நான் கூடவே நடக்க, எனக்குத்தான் செருப்பு தேய்ந்தது. ஒரு கட்டத்தில் ஷூ நன்றாகவே பொருந்திவிட்டது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் என்னை முந்திக்கொண்டு கடைக்கு நடந்தாள். உள்ளே போனதும், "ரொம்ப இடிக்குது" என்றாள்.

மாமனாரிடம் விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் குதித்தார்.

"ஊரான் காலைப் பிடிக்கிறவனுக்கா என் பொண்ணு?"

"கல்யாணம் ஆனா எல்லா ஆம்பிளையும் அதைத்தானே மாமா பண்றோம்?"

பக்கத்து அறையில் மாமியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் முடிவாயிற்று.

சகலையின் தொழிலில் அச்சுதான் உயிர். காலின் உருவத்தைப் போல ஓர் அச்சு செய்து, அதன்மேல் தோலை இழுத்துக் கட்டி ஷூ தைப்பார்கள். அளவு எடுத்த உடனே அச்சு சரியாக அமைந்துவிடும் என்று நாம் நினைப்போம். அமையாது. ஷூவைப் போட்டு நடந்து பார்த்து, எங்கே சிவக்கிறது, எங்கே தேய்கிறது என்று கவனித்து, இங்கே அரை நூல் கூட்டி, அங்கே ஒரு நூல் குறைத்து, வருஷக்கணக்கில் ஒவ்வோர் அச்சாகத் திருந்தி வரும். அந்தத் திருத்தம் முழுக்க யாரோ ஒருவருடைய பாதம் பட்ட வேதனை. முன்பெல்லாம் கட்டையிலும் பிளாஸ்டர் மாவிலும் செய்த அச்சுகள் கடை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். இடது கால் அச்சுகள் இடது பக்க அலமாரியில், வலது கால் அச்சுகள் வலது பக்க அலமாரியில். கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டி எடுப்பார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. காலை ஒரு பெட்டிக்குள் வைத்தால் வெளிச்சம் சுற்றி ஓடி உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். திருத்தத்தை அதிலேயே செய்யலாம். வேண்டும்போது ஒரு மெஷின் அந்த உருவத்தைப் பார்த்துக் கட்டையைக் கடைந்து கொடுக்கும். சகலை தம்மிடம் இருந்த அச்சுகளை எல்லாம் ஒவ்வொன்றாக அதில் ஏற்றினார். ஏற்றி முடித்த பழைய அச்சுகளை உடைத்துக் கொல்லைப்புறத்துப் பள்ளத்தில் கொட்டி மண் போட்டு மூடினார். கடைக்குட்டி அதன்மேல் கொடி கட்டித் துணி காயப் போடுகிறாள்.

கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்த ஆள் திறந்து காட்டியபோது, சாமான் வைக்க அதில் இரண்டு டிரைவ் இருந்ததாம். சகலைக்கு வேறு என்ன தோன்றும்? ஒன்றுக்கு 'இடது' என்று பெயர் வைத்தார், இன்னொன்றுக்கு 'வலது' என்று பெயர் வைத்தார். ஊரிலுள்ள இடது கால் எல்லாம் ஒன்றில், வலது கால் எல்லாம் இன்னொன்றில். இரண்டும் தனித்தனிப் பெட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் ஒரே ஒரு தகடுதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வாட்ச்மேன் ஒருவர் சகலையிடம் பல வருஷமாக ஷூ தைத்துக்கொள்கிறார். பெரிய கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் வேலை. சர்க்கரையில் இரண்டு பாதமும் மரத்துவிட்டன. இங்கே வருவதற்கு முன்னால் வேறெங்கோ வாங்கிய ஷூ வலது காலைப் புண்ணாக்கி, புண் இருப்பதே அவருக்குத் தெரியாமல், காலுறை நனைந்த பிறகு கழற்றிப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சகலை அவருக்கு அச்சைத் திருத்தித் திருத்தி, சிவப்பே இல்லாமல் கொண்டுவரப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவருடைய ஷூ அடி பிளந்துபோய், புது ஜோடிக்கு அச்சுக் கடையலாம் என்று ஒரு நாள் காலையில் சகலை கம்ப்யூட்டரைத் திறந்தார். உள்ளேயிருந்து சுவர்க்கடிகாரம் மாதிரி சத்தம் வந்தது. டிக், டிக், டிக். திரை அப்படியே நின்றுபோயிற்று.

சகலை அணைத்துப் போட்டார். மறுபடி போட்டார். தட்டினார். தோல் முரண்டினால் சூடு காட்டினால் இளகும் அல்லவா, அந்த ஞாபகத்தில் விளக்கைக்கூடப் பக்கத்தில் நகர்த்தி வைத்துப் பார்த்தார். கடைக்குட்டிதான் சத்தம் கேட்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, அது இடிக்குதுன்னு சொல்லுது. நீங்க பாட்டுக்குத் திரும்பத் திரும்ப நடக்க விடுறீங்களே!"

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா."

"ஒரு தடவையும் கிடையாது" என்று வயரைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுப் பூட்டிவிட்டாள். அப்புறம் எனக்குப் போன் அடித்தாள். எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் எது கெட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு எதையும் சரிசெய்யத் தெரியாது. பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நான் போனபோது சகலை கம்ப்யூட்டருக்கு முன்னால் வாட்ச்மேனின் பிளந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவருக்கு மறுபடி அளவு எடுத்தா ஆகாதா சகலை?" என்று கேட்டேன்.

"கால் கிடைக்கும் அண்ணே. திருத்தம் கிடைக்காதே. முதல்ல இருந்து ஆரம்பிச்சா எங்க கடிக்குதுன்னு யாரு எனக்குச் சொல்லுவா? அவருக்கே தெரியாதே."

கெட்டுப்போன டிஸ்கிலிருந்து உள்ளே இருப்பதை எடுத்துத் தருகிற ஓர் அம்மாள் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். சகலை டிஸ்கைக் கழற்றிக் கீழே ஸ்பாஞ்சு, மேலே ஸ்பாஞ்சு, பக்கவாட்டில் துணி என்று ஒரு ஷூப் பெட்டிக்குள் வைத்து, குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு வந்தார். பஸ்ஸில் யாரோ இடிக்க வந்தபோது, "காலைப் பார்த்து வைங்க" என்று அதட்டினார். அவர் யாரையும் அதட்டி நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த அம்மாளின் கடை மாடியில், படியேறியதும் ஒரே அறை. சுவர் ஓரம் மேஜை, மேஜைமேல் திறந்து கிடக்கும் பெட்டிகள், சின்னச் சின்ன விசிறிகள். காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அம்மாளுக்கு எங்கள் கடைக்குட்டி வயது இருக்கும். எதைக் கேட்டாலும் முதலில் "பொறுங்க" என்பார். அன்றைக்கே நாங்கள் எங்களுக்குள் அவருக்குப் பொறுங்கம்மா என்று பெயர் வைத்துவிட்டோம்.

பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "இந்த வேலைக்கு வந்த நாளா இவ்வளவு பத்திரமா யாரும் கொண்டு வந்ததில்லை. சட்டைப் பையில போட்டுக் கொண்டு வருவாங்க."

"உள்ள இருக்கிறது எல்லாம் புண்ணான காலும்மா" என்றார் சகலை.

பொறுங்கம்மா டிஸ்கைக் காதருகில் வைத்து ஒரு தடவை மட்டும் ஓட்டினார். முகம் மாறியது. உடனே நிறுத்தினார்.

"பொறுங்க. இதைக் கெட்டதுக்கு அப்புறம் எத்தனை தடவை போட்டுப் பார்த்தீங்க?"

சகலை தரையைப் பார்த்தார். கடைக்குட்டி கைப்பையைத் திறந்து வயரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நான் பிடுங்குற வரைக்கும்."

"நீங்க பிடுங்கினதாலதான் இன்னும் உசுரு இருக்கு."

"கேட்டீங்களா?" என்று கடைக்குட்டி புருஷனைப் பார்த்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் 'கேட்டீங்களா' நிற்கவில்லை.

பொறுங்கம்மா விளக்கமாகச் சொன்னார். உள்ளே ஒரு தகடு சுற்றுகிறது. அதற்கு மேலே, தகட்டைத் தொடாமல், தலைமுடியைவிடச் சின்ன இடைவெளியில் ஒரு முனை மிதந்துகொண்டே படிக்கிறது. அந்த முனை தளர்ந்துவிட்டது. தகட்டில் சில இடங்களில் கீறலும் விழுந்திருக்கலாம். படிக்கப் படிக்க இன்னும் கெடும். எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அவர் இதைச் சரிசெய்யப் போவதில்லை. இருக்கிற மூச்சில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் ஒரு புது டிஸ்குக்கு இறக்கப் போகிறார். எளிதாக வருவதை முதலில் எடுத்துக்கொள்வார், முரண்டுகிற இடத்தைத் தாண்டிப் போய்விடுவார், சூடானால் நிறுத்தி ஓய்வு கொடுப்பார், அப்புறம் விட்ட இடத்துக்குத் திரும்பி வருவார்.

"ரெண்டு பெட்டி இருக்குங்களே, இன்னொண்ணு எப்படி இருக்கு?" என்று சகலை கேட்டார்.

"ரெண்டு பெட்டி இல்லண்ணே. ஒரே வீட்டுல ரெண்டு ரூம். தீப்பிடிச்சா ரெண்டும்தான் எரியும்."

சகலை அப்போதுதான் தெரிந்துகொண்டார். பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

அன்று மாலைக்குள் 'இடது' முழுவதும் வந்துவிட்டது. திரையில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள் நிறைந்தன. நாங்கள் டீ வாங்கிக் குடித்தோம். பொறுங்கம்மாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். 'வலது' ஆரம்பித்தபோது டிக் டிக் என்று சத்தம் வந்தது. நிறுத்திவிட்டார்.

"கீறல் எல்லாம் இந்தப் பக்கம்தான். ஏண்ணே, இடது காலு எல்லாருக்கும் வந்தாச்சே, கண்ணாடியில காட்டுற மாதிரி திருப்பிப் போட்டா வலது ஆயிடாதா?"

சகலை அந்த நேரத்திலும் சிரித்தார். "ரெண்டு காலும் ஒண்ணு போல இருந்தா அவங்க என்கிட்ட எதுக்கும்மா வர்றாங்க?"

ஆனால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் வழியும் இருந்தது. இடது காலில் மட்டும் கோளாறு உள்ளவர்களுக்கு வலது கால் சாதாரணக் கால்தான். அதை மறுபடி அளந்தால் போதும். அவர்களை எல்லாம் ஒதுக்கிவிடலாம் என்றார் சகலை. குழந்தைகளையும் ஒதுக்கச் சொன்னார். வளர்கிற காலுக்குப் பழைய அச்சு உதவாது. மிச்சம் நின்றவர்கள் வலது காலில் குறை உள்ள பெரியவர்கள்.

"பெயர் இருக்கிற இடத்தை மட்டும் முதல்ல எடுத்துட்டேன். யாரோடது எங்க இருக்குன்னு தெரியும். இனிமே நீங்க சொல்ற வரிசையில எடுக்கிறேன். யாரு முதல்ல?"

"எல்லாரும் வேணும்மா."

"பொறுங்க. எல்லாரும்னு சொல்லாதீங்க. அடுத்த நிமிஷம் நின்னு போனா யாரு கையில இருக்கணும்? அதைச் சொல்லுங்க."

திரையில் பெயர்கள் ஓடின. சகலை யாருக்கும் உண்மைப் பெயர் போட்டு வைக்கவில்லை. 'வாட்ச்மேன்' என்று இருந்தது, 'லைப்ரரி அம்மா' என்று இருந்தது, 'டிரில் மாஸ்டர்', 'பஸ் கண்டக்டர்', 'பியானோ டீச்சர்' என்று இருந்தது. நடுவில் 'வீடு' என்று ஒன்று.

"இது என்ன, வீடு கட்டுற பிளானா?" என்று பொறுங்கம்மா கேட்டார்.

"அது நான்தான்" என்றாள் கடைக்குட்டி, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

சகலை பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒவ்வொரு பாதமும் வந்து போனது எனக்குத் தெரிந்தது. பிறகு விரலை வைத்துக் காட்டினார்.

"வலி தெரியாதவங்க முதல்ல. மரத்துப்போன கால் எல்லாம். அதுல வாட்ச்மேன் முதல் ஆள்."

"சரி. அடுத்து?"

"வலி தெரியும், ஆனா சொல்ல மாட்டாங்க. லைப்ரரி அம்மா மாதிரி. ஷூ புடுங்கித் தின்னாலும், நல்லா இருக்குங்கன்னுதான் சொல்லுவாங்க. கடைப் படியில இறங்கும்போது பின்னால நின்னு பார்த்து, கண்டுபிடிச்சுத் திருத்தினது அதெல்லாம்."

"அப்புறம்?"

"அப்புறம் சத்தம் போடுறவங்க. கண்டக்டர், டிரில் மாஸ்டர்..."

கடைக்குட்டி விரலை விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "நான் எங்க?"

சகலை தொண்டையைச் செருமினார். "கடைசியில."

"டிரில் மாஸ்டருக்கும் பின்னாலயா?"

"ஆமாம்மா."

"அத்தான், கேட்டுக்கோங்க. இந்தக் காலுக்கு ஷூ தச்சுத்தான் இவருக்குக் கல்யாணமே ஆச்சு. அந்தக் கால் டிரில் மாஸ்டர் விசிலுக்குப் பின்னால வரிசையில நிக்குது!"

நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். பொறுங்கம்மா திரையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

சகலை அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு இடிச்சா தெரு முனை வரைக்கும் கேக்கும். வாட்ச்மேனுக்கு இடிச்சா வாட்ச்மேனுக்கே கேக்காது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

கடைக்குட்டி எண்ணிக்கொண்டிருந்த விரல்களை மடக்கிக்கொண்டாள். "சரி, அவரை எடுங்கம்மா முதல்ல" என்றாள்.

வாட்ச்மேனின் கால் பாதி வந்து நின்றுவிட்டது. பச்சைக் கட்டங்களுக்கு நடுவில் சிவப்பாக ஒரு திட்டு. டிக், டிக். பொறுங்கம்மா உடனே நிறுத்தி, சின்ன விசிறியைத் திருப்பி வைத்து, "பொறுங்க, மூச்சு வாங்கட்டும்" என்றார். சகலை எழுந்து நின்றுகொண்டார். உட்காருங்கள் என்றாலும் உட்காரவில்லை. விரல் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து குதிகால் வரைக்கும் இன்னும் வரவில்லை என்றார். திரையில் எனக்குக் கட்டம்தான் தெரிந்தது. அவருக்குப் பாதம் தெரிந்தது.

ஆறின பிறகு பொறுங்கம்மா டிஸ்கைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வைத்தார். முன்வாசல் பக்கம் அடைத்துக்கொண்டால் கொல்லைப்புறமாக உள்ளே போவது போல என்றார். ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பு பச்சையாகியது. ஓர் இடத்தில் ரொம்ப நேரம் யோசித்தது. சகலை தம்மை அறியாமலே தம் வலது காலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். கடைசிக் கட்டமும் பச்சையானபோதுதான் காலைக் கீழே ஊன்றினார்.

"முழுசா இருக்கா?" என்று கேட்டார். பொறுங்கம்மா திறந்து காட்டினார். திரையில் பாதம் திரும்பித் திரும்பிச் சுழன்றது. சகலை கிட்டே போய்ப் பார்த்து, "இந்த அரை நூல் இருக்கு. இதோ இங்க குறைச்சதும் இருக்கு" என்றார். பிறகு சட்டையின் முன்பக்கத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஒரு ஜோடியை மட்டும் கையோடு வாங்கிக்கொண்டு போய், கம்ப்யூட்டருக்கு வேறு டிஸ்க் பொருத்தி அச்சுக் கடைந்தார். மிச்சத்துக்கு நாளாகும் என்று பொறுங்கம்மா சொல்லிவிட்டார். கொஞ்சம் ஓட்டுவது, ஓய்வு கொடுப்பது, மறுபடி ஓட்டுவது என்று அதைப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி பார்த்துக்கொண்டார். இதற்குள் வாட்ச்மேனுக்கு ஷூ தயாராகிவிட்டது. அவர் போட்டுக்கொண்டு, "ஜோரா இருக்கு" என்றார். அவர் சொல்வதைச் சகலை எப்போதும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு நாள் நடந்துவிட்டு வரச் சொல்லி, காலைத் தம் மடியில் தூக்கி வைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்த்தார். ஒரு சிவப்பு இல்லை.

"என்னப்பா, கால்ல ஜோசியம் பாக்கிறியா?" என்றார் வாட்ச்மேன்.

"ஆமா. ரொம்ப நாள் நடப்பீங்கன்னு இருக்கு."

மரத்துப்போன கால்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. சொல்லாத கால்களும் ஒன்றிரண்டு பழுதோடு வந்தன. லைப்ரரி அம்மாவுடையது முழுசாக வந்தது. சத்தம் போடுகிறவர்கள் முறை வந்த அன்று பொறுங்கம்மா எங்களை வரச் சொன்னார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே கண்டக்டரின் கால் வந்தது. அடுத்ததில் கை வைத்தபோது உள்ளே சிரட்டையில் கல் உரசுவது போல ஒரு சத்தம். பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

பொறுங்கம்மா கையை எடுத்துவிட்டார். "போயிடுச்சுண்ணே."

டிரில் மாஸ்டர், அவரைப் போல இன்னும் சிலர், எல்லோருக்கும் கடைசியில் 'வீடு'. இவ்வளவுதான் போனது. எவ்வளவோ மிஞ்சியதே என்று நான் ஆறுதல் சொன்னேன். சகலை பொறுங்கம்மாவுக்குக் கைகூப்பினார். மிஞ்சியதை இரண்டு புது டிஸ்கில் வாங்கிக்கொண்டார். ஒன்று தம் கடைக்கு, இன்னொன்று என் வீட்டு பீரோவுக்கு.

அங்கிருந்து என் வீடு நடக்கிற தூரம்தான். தெருவில் கொஞ்ச தூரம் நடந்தோம். கடைக்குட்டி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன் கால் போயிடுச்சு" என்றார் சகலை.

அவள் திரும்பிக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "கால் இங்கதான் இருக்கு. போனது உங்க டப்பா."

"எத்தனை வருஷத்துத் திருத்தம்!"

"அத்தனை வருஷமும் சொன்ன வாய் இன்னும் இருக்குங்க. மறுபடி சொல்றேன். வாங்க, வெயில் ஏறுது" என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நில்லு!"

தெருவில் போன ரெண்டு பேர் நின்றுவிட்டார்கள். சகலை ஓடிப்போய் அவள் முன்னால் கையை விரித்தார். "நடக்காத! ஓர் அடி வைக்காத!"

"என்னாச்சு? பாம்பா?"

"அந்த ஷூ. கடைசியா திருத்தின அச்சுல தச்சது. உன் காலோட கணக்கு இனி உலகத்துலயே அது ஒண்ணுதான் இருக்கு. நீ வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அது தேயுது. கழட்டு."

"கழட்டிட்டு? பறந்து வரவா?"

"கழட்டும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது ஷூவை மட்டும் கழற்றி நீட்டினாள். சகலை அதை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சரி, இவள் வீட்டுக்கு எப்படிப் போவது? இடது காலில் ஷூ, வலது கால் வெறுங்கால், அதுவும் குட்டைக் கால். என் வலது செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். சகலை புது டிஸ்க் சுற்றி வந்த தடித்த ஸ்பாஞ்சை மடித்து, எப்போதும் பையில் வைத்திருக்கும் தோல் கத்தியால் சீவி, செருப்பின் குதிகாலில் திணித்துக் கொடுத்தார். அவள் ஊன்றி நின்று பார்த்தாள்.

"உயரம் சரியா இருக்கு" என்றாள். ரெண்டு அடி நடந்தாள். "வார் அறுக்குது."

சகலை ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே முன்னால் வந்து, பாதி வழியில் அதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் நுழைந்தேன்.

என் மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னொரு செருப்பு எங்க?"

"உன் தங்கச்சி கால்ல."

"அவ ஷூ?"

"அவ புருஷன் மடியில."

"அவங்க எங்க?"

"வழியில உக்காந்திருக்காங்க. வார் அறுக்குதாம். சகலை சரி பண்ணிக்கிட்டிருக்கார்."

என் மனைவி என் கையிலிருந்த செருப்பை வாங்கிப் பார்த்தாள், திருப்பி என் கையிலேயே கொடுத்தாள்.

"இதையும் கொண்டு போய்க் குடுங்க. ஜோடியைப் பார்க்காம அவருக்கு வேலை ஓடாது."

சொன்னால் செய்யத்தானே வேண்டும். வெறுங்காலோடு திரும்பவும் தெருவில் இறங்கினேன்.